பத்து மணி வரை எவ்வளவு சத்தமும் போடலாமா?

பொங்கல் நெருங்குவதால், இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெங்களூருப் பூங்காக்களில் விழா நடத்துவோரிடமிருந்தும், அந்தப் பூங்காக்களுக்கு எதிரே குடியிருப்போரிடமிருந்தும் வந்திருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற ஒரே விதியைத்தான் இரு தரப்பாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால், இரு தரப்பாரும் அதில் தமக்குச் சாதகமான பாதியை மட்டுமே சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பகுதியிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, மாநகராட்சிப் பூங்காவில் ஏறக்குறைய இருநூறு பேருக்குப் பொங்கல் விழா நடத்த எண்ணியிருக்கிறோம். சென்ற ஆண்டு இரவு ஒன்பதரை மணிக்கே நிகழ்ச்சியை முடித்துவிட்டோம். ஆயினும், எதிர் வீட்டுப் பெரியவர் காவல் துறையிடம் புகார் செய்தார். பத்து மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இருக்கும்போது அவருடைய புகார் செல்லுமா? (காக்ஸ் டவுன் வாசகர்)

பதில்: செல்லும். பத்து மணி என்பது திறந்தவெளியில் ஒலிபெருக்கியை நிறுத்தியே ஆகவேண்டிய நேரம். அதற்கு முன்பு எவ்வளவு சத்தமும் எழுப்பலாம் என்பதற்கான உரிமம் அன்று. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் வெளியான ஒலி மாசு விதிகள் பகலுக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல். ஒலியை அளக்கும் அலகான டெசிபலில் சொன்னால், அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபலும், வணிகப் பகுதிக்கு 65 டெசிபலும், மருத்துவமனை, பள்ளி போன்றவற்றைச் சுற்றியுள்ள அமைதிப் பகுதிக்கு 50 டெசிபலும் அளவுகோல்கள். எதிரெதிரே அமர்ந்து இருவர் இயல்பாகப் பேசினாலே ஏறக்குறைய 60 டெசிபல் வரும் என்பதை நினைத்துப் பார்த்தால், 55 என்பது எவ்வளவு அடக்கமான அளவு என்பது விளங்கும்.

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கும்போது இதில் சிறிது தளர்வு உண்டு. அந்த இடத்தின் எல்லையில், பகுதிக்குரிய அளவுக்கு மேல் 10 டெசிபல் வரையோ, அல்லது 75 டெசிபல் வரையோ, இரண்டில் எது குறைவோ அதுவரை ஒலி இருக்கலாம். உங்கள் பூங்கா குடியிருப்புப் பகுதியில் இருப்பதால் கணக்கு 65 டெசிபலில் நிற்கிறது. ‘75 வரை போகலாம்’ என்று ஒலிபெருக்கிக்காரர் சொன்னால், அவர் வணிகப் பகுதியின் கணக்கை உங்கள் தெருவுக்குச் சொல்கிறார் என்று கொள்ளுங்கள். அளவிடும் இடம் மேடையின் முன்வரிசை அன்று, பூங்காவின் கம்பிவேலி என்பதையும் கவனியுங்கள். விழாக்குழுவினர் மேடையருகே நின்று ‘சத்தம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று தீர்மானிப்பதும், வேலிக்கு அப்பால் பெரியவர் ஜன்னலை அடைத்துக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான்.

கொஞ்சம் கணக்கும் பார்க்கலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 95 டெசிபல் தரும் ஒலிப்பெட்டி, பத்து மீட்டரில் 75 ஆகவும், முப்பத்திரண்டு மீட்டரில் 65 ஆகவும் தணியும். அதையே 105 டெசிபலுக்கு உயர்த்தினால், 65க்கு இறங்க நூறு மீட்டர் வேண்டும். பெங்களூருக் குடியிருப்புகளுக்கு நடுவிலுள்ள பூங்காக்களில் எத்தனைக்கு ஒரு பக்கம் நூறு மீட்டர் இருக்கிறது? ஆகவே மேடையின் இருபுறமும் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்குவதை விட்டு, சிறிய பெட்டிகள் நான்கைந்தைக் கூட்டத்தின் நடுவே பரவலாக, தாழ்வாக, வீடுகளுக்கு முதுகைக் காட்டும்படி வைக்கச் சொல்லுங்கள். இருநூறு பேரும் தெளிவாகக் கேட்பார்கள். வேலியைத் தாண்டுவதும் வெகுவாகக் குறையும். வாடகையும் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

‘எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டோம், இனி யாரும் கேட்கமுடியாது’ என்று உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அனுமதி என்பது ஒலிபெருக்கியை வைப்பதற்குத்தான். வரம்பை மீறுவதற்கு அன்று. இதைப் பற்றி நீதிமன்றம் பேசிய முக்கியமான வழக்குகளில் ஒன்று நம் சென்னையிலிருந்தே சென்றது. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்று, அருகிலிருந்த தேவாலயத்தின் ஒலிபெருக்கியைப் பற்றித் தொடுத்த வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோதான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005 ஜூலையில் வந்த விரிவான தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. பேசுகிறவருக்குப் பேச்சுரிமை இருப்பதுபோல, கேட்க விரும்பாதவருக்குக் கேளாமல் இருக்கும் உரிமை உண்டு என்றும், ஒலிபெருக்கியால் பேச்சைப் பெரிதாக்குவதை யாரும் அடிப்படை உரிமையாகக் கோர முடியாது என்றும் அது விளக்கியது. உங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் இந்தத் தீர்ப்புகளைப் படித்திருக்கத் தேவையில்லை. அவை அவர் பக்கம்தான் நிற்கின்றன.

அனுமதி இரண்டு இடங்களில் வாங்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, இடத்துக்கு உரியவரிடம். லால்பாக்கும் கப்பன் பூங்காவும் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் உள்ளவை. தெருப் பூங்காக்கள் மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளவை. 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூருக்கு ஒன்றுக்குப் பதில் ஐந்து மாநகராட்சிகள் என்றாகிவிட்டதால், உங்கள் தெரு எதில் சேர்ந்தது என்று பார்த்து, அந்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். பூங்காவாக ஒதுக்கிய இடத்தை வேறு காரியங்களுக்குத் திருப்பாமல் காக்கவே 1985இல் கர்நாடகத்தில் தனிச் சட்டம் இயற்றினார்கள். எனவே மேடை, பந்தல், அடுப்பு ஆகியவற்றுக்கு அலுவலர் மறுப்புத் தெரிவித்தால் அது உங்கள் மேலுள்ள பகையன்று. பக்கத்து விளையாட்டுத் திடலையோ சமுதாயக் கூடத்தையோ கேட்டுப் பாருங்கள். மற்றது, ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் எழுத்துமூல அனுமதி. ரோந்து வந்த காவலர் ‘பத்து மணிக்கு முடித்துவிடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொன்னது அனுமதியாகாது.

விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதிக்கொடுங்கள். இது விதியில் உள்ளதன்று, அனுபவத்தில் சொல்வது. அதேபோல, விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பூங்காவைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும், சத்தம் அதிகமானால் யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு சிறு சீட்டைக் கொடுங்கள். அன்றைக்கே கன்னடக் குடும்பங்களுக்கு சங்கராந்தி. அவர்கள் எள்ளு பெல்லா என்னும் எள்ளும் வெல்லமும் கொடுக்கும் நாளில் நாம் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பது பொருத்தமாகத்தான் இருக்கும். பெரியவருக்கு அழைப்பு அனுப்பினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: நான் எழுபது வயதைக் கடந்தவள்; பூங்காவை ஒட்டிய முதல் மாடியில் குடியிருக்கிறேன். விழா நாட்களில் பாட்டின் சொற்கள்கூடக் காதில் விழுவதில்லை. ‘தம் தம்’ என்ற அதிர்வு மட்டும் நெஞ்சில் இடிக்கிறது, அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது. என் பேரன் கைப்பேசிச் செயலியில் அளந்தபோது 60க்குள்தான் காட்டியது. அப்படியானால் நான்தான் மிகைப்படுத்துகிறேனா? (ஜீவன் பீமா நகர் வாசகி)

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் உணர்வது உண்மை. கருவி காட்டியதும் ஓரளவு உண்மைதான். சட்டம் சொல்லும் டெசிபல், மனிதக் காதின் உணர்திறனுக்கேற்பத் திருத்திய அளவு. ஆழ்ந்த, கனத்த ஒலிகளைக் காது குறைவாகவே கேட்கும் என்பதால், அந்த அளவுமுறை அவற்றைக் குறைத்தே கணக்கிடுகிறது. 63 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஏறக்குறைய 26 டெசிபலைக் கழித்துவிடுகிறது. அதாவது உங்கள் சுவரில் 80 டெசிபலாக மோதும் ஆழ்ந்த ஒலி, கணக்கில் 54 ஆகப் பதிவாகலாம். மேலும் அந்த ஒலிகளின் அலைநீளம் பல மீட்டர் என்பதால், மரங்களோ மதிலோ மூடிய ஜன்னலோ அவற்றை எளிதில் தடுப்பதில்லை. பாட்டின் சொற்கள் வழியிலேயே தேய்ந்துபோக, தம் தம் மட்டும் வந்து சேர்வது இதனால்தான். விதி வகுத்தவர்கள் இந்தப் பெரும்பெட்டிகளின் காலத்தை எதிர்பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கைப்பேசியைப் பொறுத்தவரை, அதன் ஒலிவாங்கி பேச்சுக்காகச் செய்தது. ஆழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது. கருவிக்குக் கருவி சில டெசிபல் வேறுபாடும் காட்டும். அதுவுமன்றி விதியிலுள்ள அளவு நொடிப்பொழுதின் உச்சமன்று, ஒரு கால அளவின் சராசரி. ஆகவே செயலியின் எண்ணைச் சான்றாக நீட்டினால் எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும். ஆயினும் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறையில் அளந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது பயன் தரும். ஒரு நாள் எரிச்சலை விட, மூன்று விழாக்களின் குறிப்புக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம்.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது 112க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். அளவு வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினாலும், இரவுத் தடையை மீறினாலும் எவரும் புகார் செய்யலாம் என்று விதியே கூறுகிறது. தொடரும் இசையை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ எழுத்துமூலம் ஆணையிடும் அதிகாரமும் உரிய காவல் அதிகாரிக்கு உண்டு. பொதுத்தொல்லைக்காகப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். இன்றைய ஒலிப்பெட்டி வாடகையின் முன் அது ஒரு தொகையே அன்று. சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை விதிக்க இடமிருக்கிறது. இருந்தாலும், புகாருக்கு முன் ஒரு வேண்டுகோளை விடுத்துப் பாருங்கள். ‘ஒலியைக் குறையுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘தரையில் வைத்திருக்கும் சப் வூஃபரை மட்டும் அணைத்துவிடுங்கள்’ என்று, ஆழ்ந்த ஒலிக்கான அந்தப் பெட்டியைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். பாட்டும் பேச்சும் தடையின்றி நடக்கும் என்பதால் ஒலிபெருக்கிக்காரர் இதற்கு எளிதில் இணங்குவார். உங்கள் அலமாரியும் அமைதியாகும்.

கேள்வி: பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு, பறையும் தவிலும் மட்டும் வாசித்தால் தடையில்லை என்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர். சரிதானா? பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை அனுமதி உண்டாமே? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

பதில்: மூத்தவர் சொல்வது 2010 வரை வாதிடக்கூடியதாக இருந்தது. அவ்வாண்டு செய்த திருத்தத்தில், ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளையும் ஒலியெழுப்பும் பிற கருவிகளையும் இரவுத் தடைக்குள் சேர்த்துவிட்டார்கள். மூடிய அரங்குகளுக்குள் வாசிக்கலாம், பூங்காவில் கூடாது. நள்ளிரவு வரையிலான விலக்கு உண்மைதான். ஆனால் அது ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேற்படாதது. எந்தெந்த நாட்கள் என்பதை மாநில அரசோ அது அதிகாரமளித்த மாவட்ட நிர்வாகமோ முன்கூட்டி அறிவிக்கவேண்டும். உங்கள் குழு தன் விருப்பப்படி ஒரு நாளை அதில் சேர்த்துக்கொள்ள முடியாது.

கேள்வி: எங்கள் மன்ற விழா முடிந்ததும் இரவோடு இரவாகப் பூங்காவைக் கூட்டிப் பெருக்கி, குப்பை முழுவதையும் பத்துக் கறுப்புப் பைகளில் கட்டி வாசலில் வைத்தோம். காலையில் வந்த குப்பை வண்டியான ஆட்டோ டிப்பர் எடுக்க மறுத்துவிட்டது. பிறகு அபராதமும் விதித்தார்கள். சுத்தம் செய்தவர்களுக்கே அபராதமா? (அல்சூர் வாசகர்)

பதில்: நீங்கள் சுத்தம் செய்யவில்லை, குப்பையை இடம் மாற்றியிருக்கிறீர்கள். வருத்தப்படாமல் மேலே படியுங்கள்.

நிகழ்ச்சிகளுக்கென உரிமம் பெறாத, பூங்கா போன்ற இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துகிறவர், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும். கழிவை உருவாகும் இடத்திலேயே பிரித்து, பிரித்தபடியே சேகரிப்பவரிடம் ஒப்படைக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை விழா நடத்துகிறவரின் கடமையாக்கின. ‘ஒப்படைக்க’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாசலில் விட்டுச்செல்வது ஒப்படைப்பதாகாது. நாட்டின் குப்பை விதிகளுக்கெல்லாம் ஊற்று இந்த ஊர்தான் என்பது உங்கள் மன்றத்தாருக்கு ஆர்வமூட்டலாம். பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கிலிருந்துதான் 2000ஆம் ஆண்டின் முதல் நகரக் கழிவு விதிகள் பிறந்தன.

நம் ஊர் முறை உங்கள் வீட்டில் நாள்தோறும் நடப்பதுதான்: ஈரக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் கழிவுக்குத் தனிப் பை. வீட்டில் தவறாமல் செய்கிறவர்கள் விழாவில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டுகிறோம். அதுவும் கறுப்புப் பை, உள்ளே என்ன என்று குப்பை எடுக்கும் துப்புரவுப் பணியாளரான பௌரகார்மிகர் அறியவே முடியாது. சாம்பாரில் ஊறிய தாளும், அதற்குள் உடைந்த கண்ணாடியும், கடித்த கரும்பும் கலந்த பையை வெறுங்கையால் பிரிக்கவேண்டியவர் அவர். எடுக்க மறுத்ததற்கு அவர்மேல் கோபப்படுவது நியாயமாகாது.

பிரிப்பது விழா முடிந்த பின் செய்கிற வேலை என்று நினைத்தால் எப்போதும் தோல்விதான். எதை வாங்கிவருகிறீர்கள் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இருநூறு பேருக்கு ஆளுக்கு ஒரு தட்டு, இரண்டு குவளை, ஒரு கிண்ணம் என்றாலே எண்ணூறு பொருள்கள். வாழையிலையும் பாக்கு மட்டைத் தட்டும் மிச்சச் சோற்றோடு ஈரக் கழிவிலேயே சேரும், பிரிக்கவே வேண்டாம். காகிதக் குவளைதான் ஏமாற்றுகிறது. உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் உரத்துக்கு ஆகாது. தேநீர்க் கறை படிந்திருப்பதால் மறுசுழற்சிக்காரரும் விரும்பமாட்டார். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வாடகைப் பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். கழுவ ஓர் ஆளை வைத்தால் பத்துப் பைகள் மூன்றாகும். பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல், பலூன் குச்சி, பிளாஸ்டிக் கொடி, அலங்காரத் தெர்மாகோல் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்தவை. கர்நாடகத்தில் தெர்மாகோலுக்கும் ஃபிளெக்ஸ் பதாகைக்கும் 2016 முதலே தடை உண்டு. எங்கள் பக்கத்துப் பூங்காவில் யாரோ வைத்த தெர்மாகோல் வளைவை ஒருமுறை காற்று உடைத்துப்போட்டது. அந்த வெள்ளைத் துகள்களை அடுத்த மழைக்காலம் வரை புல்லிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

உணவு பரிமாறும் இடத்திலேயே மூன்று தொட்டிகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இளைஞரை நிறுத்துங்கள். எழுதி ஒட்டிய பலகையை யாரும் படிப்பதில்லை. நிற்கிற ஆளைப் பார்த்தால்தான் கை தயங்குகிறது. கரும்புச் சக்கையைத் தனியே சேருங்கள். நார் மிகுந்தது, எளிதில் மக்காது. துண்டுதுண்டாக வெட்டிக் கொடுத்தால்தான் உரம் போடுவோர் ஏற்பார்கள். கஞ்சித் தண்ணீரையும் கொதிநீரையும் மரத்தடியில் ஊற்றாதீர்கள். பொங்கல் பானையின் அடுப்பைப் புல்மேல் நேரே மூட்டாமல், செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, மர வேரிலிருந்து தள்ளி வையுங்கள். போகியன்று பழையதை எரிக்கும் வழக்கத்தைப் பூங்காவுக்குக் கொண்டுவரவே வேண்டாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் கட்டவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில், அதே அல்மித்ரா படேலின் வழக்கிலேயே ஆணையிட்டது.

சமையல்காரரிடமும் பந்தல்காரரிடமும் பேசும்போது, தங்கள் கழிவைத் தாங்களே திரும்ப எடுத்துச்செல்வதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பந்தல் பிரித்த இடத்தில் ஆணியும் கம்பித்துண்டும் கிடந்தால், மறுநாள் காலை அதை மிதிப்பது ஒரு குழந்தை. ஆனாலும், சட்டத்தின் பார்வையில் பொறுப்பு விழா நடத்துகிறவரான உங்களுடையதுதான். அந்த வரி, பாக்கிப் பணத்தைக் கொடுக்கும்போது உங்களுக்கு உதவும், அவ்வளவே.

கேள்வி: விழாக்காரர்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் பூங்காவில் தினமும் காலை ஐந்தரை மணிக்கே ஒலிப்பெட்டி வைத்து உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஆரோக்கியத்துக்காகச் செய்கிறோம் என்கிறார்கள். இதற்கும் விதி உண்டா? (மல்லேஸ்வரம் வாசகர்)

பதில்: உண்டு. இரவு என்பது காலை 6 மணி வரை நீள்கிறது. ஐந்தரை மணி ஒலிப்பெட்டியும், இரவு பதினொன்றரை மணி ஒலிப்பெட்டியும் விதியின் முன் ஒன்றுதான். நோக்கம் எதுவென்று அது கேட்பதில்லை. ஆறு மணிக்குப் பிறகும் எழுத்துமூல அனுமதியும் எல்லையில் 65 டெசிபலும் அவர்களுக்கும் பொருந்தும். உச்ச நீதிமன்றத்தை இதற்கு இழுக்கவேண்டியதில்லை. இருபது பேர் கொண்ட வகுப்புக்கு ஆசிரியரின் குரலே போதும் என்று நேரில் சொல்லிப் பாருங்கள். ஒப்பாவிட்டால், பூங்காவின் பொறுப்பு அலுவலருக்கு, பூங்கா திறக்கும் நேரத்தையும் வகுப்பு தொடங்கும் நேரத்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.